எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டவருக்கு

உருகிய உலோகத்தை ஊற்றுநீர் போல ஓடவைத்த உழைப்பே! தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும், காற்றைத் தொட்டால் எரியும் சோடியத்தை இருபத்தொன்பது ஆண்டுகள் இரும்புக்குள் இடறாமல் நடத்தியவரே! கணக்கில் கறாரும் கண்ணில் கனிவும் கொண்டவரே! குளிர்சாதன அறையில் நாற்காலி இருந்தும், கொதிக்கும் மேடைக்கு நாளுக்கு நான்கு முறை ஏறி வந்தவரே! எங்கள் அரைச்சுற்று அம்மாவே!

கடைசியாகச் சொன்ன பெயரை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இத்தனை நாள் சொல்லிவந்தோம். உங்களுக்கு அது தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இன்று ஓய்வு பெறுகிறீர்கள்; இனி எங்கள்மேல் கோபித்து என்ன செய்துவிடப் போகிறீர்கள் என்ற துணிச்சலில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டோம்.

அம்மையீர்! அதிகாரிகள் சார்பில் ஒரு மடல் கணினியில் அச்சடித்துத் தயாராக இருக்கிறது. அதில் உங்கள் பட்டங்களும் பதவிகளும் பிழையில்லாமல் இருக்கும். இது இரண்டாம் சோதனை மேடையின் ஒப்பந்தத் தொழிலாளர் எட்டுப் பேர் தருவது. எழுதியவன் நாற்பத்து மூன்றாம் வயதில் மாலைப் பள்ளியில் எழுத்துப் படித்தவன். பெரிய பெரிய சொற்களாகப் போட ஆசைப்பட்டேன். போட்டும் பார்த்தேன். வேலை முடிந்து வந்த கை, நான்கு வரிக்கு மேல் அந்தக் கனத்தைத் தூக்க மாட்டேன் என்கிறது. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

இங்கே வந்திருக்கும் குடும்பத்தாருக்கு உங்கள் வேலை என்னவென்று தெரிந்திருக்காது. நீங்களும் வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள். அணு உலைக்குள் பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுவருவது உருகிய சோடியம். பார்க்க வெள்ளி போல் இருக்கும். குணம் வெள்ளி போல் இருக்காது. அதை நிற்காமல் சுழலவைப்பது பம்பு. அந்தப் பம்பை வரைந்தவர் நீங்கள். மேலே மோட்டார், கீழே சோடியத்தில் மூழ்கிய சுழல்தட்டு, இரண்டையும் இணைக்க மூன்று ஆள் உயரத் தண்டு. தண்டின் அடிமுனையைத் தாங்கும் தாங்கிக்கு எண்ணெய் கிடையாது. அந்தச் சோடியமே மெல்லிய படலமாக நின்று தண்டைத் தாங்க வேண்டும். படலத்தின் கனம், சேர்த்துப் பிடித்த மூன்று தலைமுடி. அதற்குள் ஓடினால் ஓட்டம். உரசினால் முடிந்தது கதை.

ஓடும்போது கவலை இல்லை. சூட்டில் நிற்கும்போதுதான் கவலை. ஒரு பக்கம் கூடுதலாகச் சூடேறும், அந்தப் பக்கம் நீளும், தண்டு வளையும். வெயிலில் ஒரே பக்கமாகக் காய்ந்த பலகை வளைவது போல. அதனால் நின்றிருக்கும் நேரமெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்டை அரைச்சுற்று திருப்பிவைக்க வேண்டும். வழக்கமாக அதைச் சின்ன மோட்டார் ஒன்று செய்யும். மின்சாரம் இல்லையென்றால் நாங்கள். தண்டின் தலையில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி. குறி வாசலைப் பார்க்கும், பத்து நிமிடத்தில் சுவரைப் பார்க்கும், மறுபடி வாசல். உங்களுக்குப் பெயர் வந்ததும் இதனால்தான்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பகல். உங்கள் முதல் பம்பு சோதனையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் மணி நேரம் ஓடிக் காட்டினால் உலைக்குப் போகும். நடுவில் நின்றால் நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி கிளப்பிவிட வேண்டும். தவறினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இது சோதனைக் குழு வைத்த விதி. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தோராவது மணியில், காலை பத்து இருபதுக்கு மின்சாரம் போனது. மாற்று ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

நான்கு பேர் கைப்பிடியைப் பிடித்தோம். மற்ற நான்கு பேரை, சோடியம் உறைந்துவிடாமல் குழாய்களுக்குப் போர்வை சுற்ற அனுப்பிவிட்டார்கள். மேடையில் காற்றோட்டம் நின்றுபோயிருந்தது. பத்து முப்பது, பத்து நாற்பது என்று திருப்பிக்கொண்டே வந்தோம். மேஸ்திரி பதிவேட்டைத் திறந்து, பிற்பகல் இரண்டு இருபது வரைக்கும் எல்லா வரியிலும் "திருப்பப்பட்டது" என்று முத்து முத்தாக அப்போதே எழுதிவைத்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி, நடக்காததை எல்லாம் எழுதுறீங்க?" என்று என் மச்சான் கேட்டான்.

"எப்படியும் திருப்பத்தானே போறீங்க? அப்புறம் நூறு வேலை வரும். நீ கையைப் பாரு, நோட்டை நான் பாத்துக்கறேன்."

மேஸ்திரி கெட்டவர் அல்லர். இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "எழுதுடா, மறைக்காதே" என்று அவர் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு நாற்பது. கைப்பிடியைத் தொடப் போன மச்சான் அப்படியே மடங்கி விழுந்தான். வேர்வை நின்று உடம்பு கொதித்தது. ஏணி வழியாக அவனைத் தோளில் போட்டு இறக்க மூன்று பேரும் தேவைப்பட்டோம். கீழே தண்ணீர் தெளித்து, காற்று வாங்கவைத்து, அவன் கண் திறந்து "யாருடா என் செருப்பைக் கழட்டினது?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. போர்வை சுற்றுகிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே ஓடினால் மணி ஒன்று. இரண்டு திருப்பு விட்டுப்போயிருந்தது. பிடித்து இழுத்தோம். தண்டு திரும்பியது. ஆனால் கைக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமான தண்டு இல்லை அது.

ஒன்று இருபத்தைந்துக்கு மின்சாரம் வந்தது. கீழே கைதட்டல் கேட்டது. நீங்கள் மேடைக்கு வந்தீர்கள். சோதனைக் கண்காணிப்பாளர் உங்களுக்கு முன்னால் வந்தார். பதிவேட்டைப் பார்த்தீர்கள். ஒரு வரி பிசகாமல் இருந்தது.

மேஸ்திரி என் காதோடு சொன்னார். "வாயைத் திறக்காதே. ரெண்டு தடவை விட்டோம்னு தெரிஞ்சா எட்டு பேருக்கும் நாளைக்கு வேலை இல்லை. ஓடினா ஓடட்டும். ஓடலேன்னா நோட்டு பதில் சொல்லும்."

அம்மையீர், அந்த நேரத்தில் என் வீட்டில் ஐந்து வாய். மூத்த மகளுக்குப் பள்ளி திறக்க ஒரு வாரம். என் கண்முன்னால் கண்காணிப்பாளரின் விரல் மோட்டார் பொத்தானுக்குப் போகிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பது என் கை செய்யாத வேலை என்று தெரியும்.

"மேடம், நிறுத்துங்க. நோட்டுல இருக்கறது பொய். ரெண்டு தடவை நாங்க திருப்பலை."

"யாரு இவன்? யாரு விட்டது? பேரைச் சொல்லு!" என்று கண்காணிப்பாளர் கத்தினார்.

நீங்கள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தீர்கள். யார் என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் நின்னுச்சு?"

"புரியலைங்க."

"குறி எதைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு? வாசலையா, சுவரையா?"

"வாசலை. முழுசா அரை மணி நேரம்."

"திருப்பினப்போ எப்படி இருந்துச்சு?"

"சுத்து முழுக்கக் கனம் இல்லை மேடம். ஒரே ஒரு இடத்துல வந்து பிடிச்சுது. அப்புறம் விட்டுடுச்சு."

உங்கள் முகம் மாறியதை அன்று பார்த்தவர்களில் நான்கு பேர் இந்த அரங்கில் இருக்கிறோம்.

"வளைவு பாக்கற அளவுமானி ஒன்பதுதான் காட்டுது. பன்னெண்டு வரைக்கும் போகலாம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க," என்றார் கண்காணிப்பாளர். "இன்னும் அம்பது நிமிஷம்தான் இருக்கு. ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொரு மணி நேரம் மேடம். எழுபத்தெட்டு நாள் ராவும் பகலும் ஓடினது. ஒரு கூலியாள் கையில ஏதோ பிடிச்சுதாம், அதுக்காக எல்லாத்தையும் தண்ணியில போடப் போறீங்களா?"

"மானி மேல இருக்கு சார். வளையறது கீழ. இவர் கைதான் மேலயும் கீழயும் சேத்துப் பாத்திருக்கு."

குறியைச் சுவர்ப் பக்கம் வைத்தே நிறுத்தச் சொன்னீர்கள். வளைந்தது தானாக நிமிர வேண்டும். நிமிர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது. அதையும் வாய்விட்டுச் சொன்னீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கைப்பிடியை விரற்கடை அளவு அசைத்துப் பார்க்கச் சொல்லி என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன், இல்லை. இரண்டு மணி ஆனது. இன்னும் இல்லை. இரண்டு பத்து. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மேஸ்திரி தரையைப் பார்க்கிறார், நீங்கள் என் கையைப் பார்க்கிறீர்கள். பொய்யாக ஒரு தலையசைப்புப் போதும்; எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் போல் ஒரு பத்து நிமிடத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை, நேற்று வரைக்கும்.

இரண்டு இருபது தாண்டியது. கண்காணிப்பாளர் ஏணியில் இறங்கிப் போய்விட்டார். எண்ணிக்கைப் பெட்டியைப் பூஜ்யமாக்க எழுத்தர் தயங்கி நின்றார். நீங்களே போய் அழுத்தினீர்கள். நாலு பத்துக்குத்தான் கைப்பிடி என் கையில் பழையபடி லேசானது. பம்பு கிளம்பியது. சத்தமே இல்லை. நீங்கள் அழுதீர்களா, வேர்வையா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்குத் தீரவில்லை.

மறுநாள் எங்கள் எட்டுப் பேரின் நுழைவு அட்டையையும் ஒப்பந்தக்காரர் பிடுங்கிக்கொண்டார். மேஸ்திரியையும் சேர்த்து ஒன்பது பேர் மூன்று நாள் வாசலுக்கு வெளியே நின்றோம். "நான் மயங்கினது அரை மணி நேரம். அதுக்கு எழுபத்தெட்டு நாள் போச்சுன்னா, நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு பாருடா. என்னை மாதிரி மயங்க ஆள் கிடையாது," என்று மச்சான் சிரிக்கவைக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

உள்ளே விசாரணையில் நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஆண்டுகள் கழித்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கைப்பிடிக்கு நான்கு பேர் என்று கணக்கிட்டேன். ஒருவர் விழுந்தால் என்ன என்று கணக்கிடவில்லை. பிழை வரைபடத்தில் இருக்கிறது. விட்டுப்போனதைச் சொன்னவர் பம்பைக் காப்பாற்றியிருக்கிறார்." அவ்வளவுதான். நான்காம் நாள் எங்கள் அட்டை திரும்பி வந்தது. அந்த ஆண்டுப் பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் வரவில்லை என்பதைப் படிக்கத் தெரியாத நாங்களும் அறிந்துகொண்டோம். அதே அறையில், அதே நாற்காலியில் அல்லவா இருந்தீர்கள்!

எண்பத்து நான்கு நாள் மறுபடி ஓட்டினோம். இரண்டாயிரமும் நிறைந்து பம்பை வெளியே தூக்கிக் கழுவிப் பார்த்தபோது, அடித் தாங்கியில் நகக்கீறல் அகலத்தில் ஒரு பளபளப்பு இருந்தது. கையால் திருப்பியபோதே உரசிய இடம் அது. மோட்டார் திருப்பியிருந்தால் தாங்கியே இருந்திருக்காது. அந்தப் பம்பு உலைக்குப் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஓடுகிறது.

அதன் பிறகு நீங்கள் எழுதிய கையேட்டில் இரண்டு வரிகள் சேர்த்தீர்கள். ஒன்று, கைப்பிடிக்கு ஐந்து பேர். மற்றொன்று: "விட்டுப்போன திருப்பை உடனே சொல்லவும். சொன்னவரிடம் விவரம் கேட்கலாம். சொன்னதற்காக அவர் வேலையைப் பறிக்கக் கூடாது." அந்த வரியை நம்பி இந்த மேடையில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறோம். திருகாணி விழுந்ததை, அடைப்பானைத் திறந்தே விட்டதை, தூங்கிப்போனதைக்கூட. ஒருவருக்கும் வேலை போகவில்லை. ஒரு பம்பும் கெடவில்லை.

கண்டிப்பின் கரையே, கனிவின் கடலே! உங்கள் கண்கள் தெளிவாக, கால்கள் உறுதியாக, உறக்கம் ஆழமாக இருக்கட்டும். பம்பின் நினைப்பு வராத பகல்கள் பல நூறு வாய்க்கட்டும். பேரப்பிள்ளைகள் உங்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொந்தரவு செய்யட்டும். நீடு வாழ்க, நிறைவோடு வாழ்க என்று வணங்கி, கையெழுத்திடுகிறோம்.

இரண்டாம் சோதனை மேடைத் தொழிலாளர் எண்மர்.

மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாள்:

மேலே உள்ளதைப் போன வாரம் எழுதிச் சட்டம் போடக் கொடுத்தோம். நேற்று மாலை சட்டம் வந்ததும், ஒரு இடத்தில் "நேற்று வரைக்கும்" என்று மை ஊறும்படி நான் நுழைத்தேன். அது ஏன் என்று இந்தத் தாளில் சொல்கிறேன். இதை எழுதுவது இன்று காலை ஒன்பது மணிக்கு.

புதிய பம்பு தொட்டியில் சூடேறிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை ஓட்டுவதாக இருக்கிறார்கள். அதைத் திருப்புவது மின்கருவி. கைப்பிடியைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். ஆனாலும் பழக்கத்தில் தண்டின் தலையில் நான் சுண்ணக்கட்டிக் குறி போட்டுவைப்பேன். நேற்று மாலை நான்கு மணிக்குப் பார்த்தேன். பலகையில் பச்சை விளக்கு எரிகிறது, சின்ன மோட்டார் சுற்றுகிறது, குறி அசையவில்லை. இருபது நிமிடம் நின்று பார்த்தேன். அசையவில்லை. மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் ஊசி முறிந்திருக்கிறது. எனக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றிருந்ததோ தெரியாது.

நான் சொல்லவில்லை.

கையேட்டின் புதிய பதிப்பு ஒன்றாம் தேதி வருகிறது. இனிக் கைகள் திருப்பப் போவதில்லை என்பதால், சொன்னவர் வேலையைப் பறிக்கக் கூடாது என்ற அந்த வரியை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஒப்பந்தம் புதுப்பிப்பதும் அதே ஒன்றாம் தேதி. மேடைப் பார்வை நேற்று என் பொறுப்பு. பகல் இரண்டு மணிக்கு நான் குறியைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. வரி இல்லாததால் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பயந்துவிட்டேன். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தத் தைரியம் என்னுடையது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு முழுக்க அதைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இன்று காலை மச்சானிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டிய திட்டை இந்தத் தாளில் எழுத முடியாது. "எழுதிக் குடுக்கறதுல உன் கையெழுத்தை மட்டும் போட்டா உன்னைத் தூக்கிடுவாங்க. எட்டு பேரும் போடுவோம், எட்டு பேரையும் தூக்கட்டும் பாக்கலாம்," என்று எல்லாரையும் கூப்பிட்டான். உங்களிடம் நேரே வரலாம் என்றால், உங்கள் நுழைவு அட்டையை நேற்றே வாங்கிவிட்டார்களாம், அரங்கத்துக்குத்தான் அழைத்துவருவார்களாம். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புதிய பொறுப்பாளரிடம் போனோம். விழா முடியட்டும் என்றார்.

ஆகவே இந்த மடலை வாசிப்பது மச்சான். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அரங்கத்தில் இல்லை. சோதனை மேடையில் இருக்கிறேன், இன்னும் மூன்று பேரோடு. கைப்பிடியை மாட்டிவிட்டோம்.

குறி ஏணியைப் பார்த்து நிற்கிறது. நேற்று நான்கு மணியிலிருந்து இப்போது வரை பதினேழு மணி நேரம். அதற்கு முன் எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. நாங்களாகத் திருப்பவில்லை. இவ்வளவு நேரம் நின்றதை இழுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. கைகளை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

உங்கள் பணி இன்று மாலை ஐந்து மணி வரைக்கும் இருக்கிறது, மேடம். பாராட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். நான்கு பேர்தான் இருக்கிறோம். கீழே இருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சீக்கிரம் மேலே வாருங்கள்.